ரெக்கார்டிங் ப்ராஜெக்ட் திறக்க மறுக்கிறதா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

"ப்ராஜெக்ட் கரப்ட் ஆயிடுச்சு" என்று யாராவது பதறும்போது பல நேரம் ஃபைலுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. ஒரு ப்ளக்-இன் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் சேர்த்து ஓட்டும் எஃபெக்ட் அல்லது இசைக்கருவி நிரல்) தகராறு செய்திருக்கும், எக்ஸ்டர்னல் டிரைவின் எழுத்து மாறியிருக்கும், அல்லது புது வெர்ஷனில் சேவ் செய்ததைப் பழைய வெர்ஷனில் திறக்கப் பார்த்திருப்பார்கள். உண்மையாகவே கெட்டுப்போகும் ஃபைல்களும் உண்டு. அப்போதும் பாடியதும் வாசித்ததும் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். க்யூபேஸ், ரீப்பர், ஏபிள்டன் லைவ், ப்ரோ டூல்ஸ், ஸ்டுடியோ ஒன் ஆகிய ரெக்கார்டிங் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் ரெக்கார்ட் ஆன ஒலி தனித்தனி ஆடியோ ஃபைல்களாக ஒரு ஃபோல்டரில் கிடக்கிறது. எந்த ட்ராக்கில் எந்தத் துண்டு, எத்தனையாவது நொடியில், என்ன எஃபெக்ட்டோடு என்ற விவரமும் மிடி நோட்டுகளும் (எந்தச் சுரம், எப்போது என்ற குறிப்புகள்) மட்டும்தான் ப்ராஜெக்ட் ஃபைலில் இருக்கும். பத்திரம் கிழிந்தால் வீடு இடிந்துவிடாது. ஆடாசிட்டி மட்டும் இதற்கு விலக்கு. அதைத் தனியாகப் பார்ப்போம்.

எதற்கும் முன்னால் செய்ய வேண்டியது

முழு ப்ராஜெக்ட் ஃபோல்டரையும் வேறொரு டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். இனி செய்யும் எல்லா வேலையும் அந்தக் காப்பியில்தான். அசலைத் தொடாதீர்கள்.

பாதி திறந்த ப்ராஜெக்ட்டில் கை தானாக கண்ட்ரோல் எஸ்ஸுக்குப் போகும். அதை அடக்குங்கள். நாற்பது ட்ராக்கில் பதினைந்து மட்டும் தெரிகிறது என்று வையுங்கள். அந்த நிலையில் சேவ் செய்தால் மீதி இருபத்தைந்தை நீங்களே அழித்ததாகிவிடும். சேவ் செய்தே ஆகவேண்டும் என்றால் புதுப் பெயரில் செய்யுங்கள்.

திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதும் ஆபத்து. ஆட்டோ பேக்கப்புகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. ப்ரோ டூல்ஸில் மாற்றாமல் விட்ட அமைப்பு, 5 நிமிடத்துக்கு ஒன்றாகக் கடைசி 10 பேக்கப். லைவும் கடைசிப் பத்தைத்தான் வைத்துக்கொள்ளும். கெட்ட நிலையில் ஒரு மணி நேரம் நோண்டிக்கொண்டிருந்தால் நல்ல பேக்கப்புகள் ஒவ்வொன்றாக வெளியே தள்ளப்பட்டு, கெட்டதே பத்துப் பிரதியாக நிற்கும்.

அறிகுறி: லோட் ஆகும்போதே மென்பொருள் மூடிக்கொள்கிறது, அல்லது பாதியில் உறைகிறது

காலியான புது ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து பாருங்கள். பிறகு சென்ற மாதம் நன்றாக ஓடிய ஏதாவது பழைய ப்ராஜெக்ட்டைத் திறந்து பாருங்கள். இரண்டுமே விழுந்தால் சிக்கல் ஆடியோ டிரைவரிலோ மென்பொருளின் அமைப்புகளிலோ இருக்கிறது, உங்கள் ஃபைலில் இல்லை. இரண்டும் திறந்து, இது மட்டும் விழுந்தால் முதல் சந்தேகம் ப்ளக்-இன் மேல். சேவ் செய்த பிறகு ஏதாவது ப்ளக்-இன்னை அப்டேட் செய்தீர்களா, லைசென்ஸ் முடிந்ததா, டாங்கிளை (லைசென்ஸ் இருக்கும் யுஎஸ்பி சாவி) பிடுங்கினீர்களா என்று யோசியுங்கள். கிராக் செய்த ப்ளக்-இன் இருந்தால் விசாரணையை அங்கிருந்தே தொடங்கலாம். அது ஒரு ப்ராஜெக்ட்டில் ஓடி இன்னொன்றில் விழுவது சகஜம்.

ப்ளக்-இன்களை எழுப்பாமல் ப்ராஜெக்ட்டை மட்டும் திறப்பதுதான் சோதனை. ரீப்பரில் ஓப்பன் பெட்டியின் கீழேயே, எஃபெக்ட்டுகளை ஆஃப்லைனில் வைத்துத் திறக்கும் ரெக்கவரி மோட் தேர்வு இருக்கிறது. இந்த வேலைக்கு இதைவிட நல்ல வசதி வேறெதிலும் இல்லை என்பது என் கட்சி. க்யூபேஸைத் தொடங்கியவுடன் விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் பெட்டி வரும். மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், ஆப்ஷன். லாஜிக்கைத் திறக்கும்போது கண்ட்ரோல் கீயைப் பிடித்தால் மேக்கின் ஒலி அமைப்பான கோர் ஆடியோ இல்லாமல் தொடங்கலாமா என்று கேட்கும்.

இப்படி வசதி இல்லாத மென்பொருளில் கையால்தான் செய்ய வேண்டும். விண்டோஸில் ப்ரோக்ராம் ஃபைல்ஸ், காமன் ஃபைல்ஸுக்குள் விஎஸ்டி3 ஃபோல்டர் இருக்கும். மேக்கில் லைப்ரரி, ஆடியோ, ப்ளக்-இன்ஸ். அதில் பாதியைத் தற்காலிகமாக வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் குற்றவாளி நகர்த்திய பாதியில் இருக்கிறார், இல்லையென்றால் மீதிப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் இருநூறு ப்ளக்-இன் இருந்தாலும் ஏழெட்டுச் சுற்றில் ஆள் சிக்கிவிடுவார். விண்டோஸ்காரர்கள் அதற்கு முன் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் பதிவுகளில் விழுந்த நேரத்துக்கு நேராகப் பாருங்கள். பழுதான மாட்யூல் என்று ஒரு பெயர் இருக்கும். பல நேரம் அங்கேயே ப்ளக்-இன்னின் பெயர் பளிச்சென்று நிற்கும், இந்தச் சுற்றெல்லாம் தேவைப்படாது.

அறிகுறி: திறக்கிறது, ஆனால் ட்ராக்குகளில் சத்தம் இல்லை, ஃபைல் காணோம் என்கிறது

இது கெட்டுப்போன ப்ராஜெக்ட் அல்ல, வழி தெரியாமல் நிற்கும் ப்ராஜெக்ட். எக்ஸ்டர்னல் டிரைவ் போன வாரம் இ-யாக இருந்து இன்று எஃப்-ஆக ஏறியிருந்தால் போதும், எல்லா வேவ் ஃபைலும் தொலைந்ததாகக் காட்டும். ப்ராஜெக்ட்டுக்குள் ஒவ்வொன்றாகத் தேடிக் கொடுப்பதைவிட, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிரைவுக்குப் பழைய எழுத்தையே கொடுத்துவிடுவது நல்லது. ப்ராஜெக்ட்டைத் தொடவே வேண்டாம்.

ஃபோல்டர் ஒன்ட்ரைவிலோ ஐக்ளவுடிலோ இருந்தால், ஃபைலின் பெயர் மட்டும் கணினியில் இருந்து உள்ளடக்கம் மேலே இணையத்தில் இருக்கக்கூடும். பக்கத்தில் சின்ன மேகப் படம் இருக்கிறதா பாருங்கள். முழு ஃபோல்டரையும் கணினியிலேயே வைத்திருக்கச் சொல்லி, இறங்கி முடிந்த பிறகு திறங்கள்.

தானாகத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. "ஆடியோ 01_01" என்ற பெயரில் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் ஒரு ஃபைல் இருக்கும். மென்பொருள் பெயரைப் பார்த்து வேறு பாட்டின் வோக்கலைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். நீளமும் தேதியும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

அலைவடிவம் ஒன்றாகவும் கேட்பது வேறாகவும் இருந்தால் பீக் ஃபைல்தான் (அலைவடிவப் படத்தைச் சேமித்து வைக்கும் துணை ஃபைல்) பழையது. ரீப்பரின் ரீபீக்ஸ், லைவின் ஏஎஸ்டி போன்றவற்றை அழித்தால் மறுபடி தானாக உருவாகும். லைவில் மட்டும், ஒரு க்ளிப்புக்கு நீங்கள் சேமித்து வைத்த வார்ப் அமைப்பும் (ஒலியைத் தாளத்துக்கு ஏற்ப நீட்டிச் சுருக்குவது) அந்த ஏஎஸ்டியில் இருக்கலாம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்க வேண்டாம்.

அறிகுறி: "இந்த ஃபைலைப் படிக்க முடியவில்லை", "செல்லாத ப்ராஜெக்ட்"

உண்மையான கேடு இங்கேதான். முதலில் ஃபைலின் அளவைப் பாருங்கள். 0 என்றால் உள்ளே ஒன்றும் இல்லை, நேராக பேக்கப்புக்குப் போங்கள். அளவு சரியாகத் தெரிந்தும் திறக்கவில்லை என்றால், அந்த ஃபைலின் காப்பியை ஜிப் செய்து பாருங்கள். 20 எம்பி ஃபைல் சில பத்து கேபியாகச் சுருங்கினால் உள்ளே இருப்பது முழுக்க வெறும் பூஜ்யம்.

சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இப்படி ஆகும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பு ஃபைலின் பெயர், அளவு போன்ற விவரங்களைத்தான் முன்கூட்டியே குறித்துவைத்துப் பாதுகாக்கிறது, உள்ளடக்கத்தை அல்ல. "இந்த ஃபைல் 20 எம்பி" என்ற குறிப்பு டிஸ்க்கில் ஏறிவிட்டது, அந்த 20 எம்பி இன்னும் மெமரியில்தான் இருந்தது, மின்சாரம் போய்விட்டது. டிஸ்க்குக்கு வராத ஒன்றை எந்த ரிப்பேர் மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. காசு கொடுத்து ஏதாவது டவுன்லோட் செய்யும் முன் இந்த ஜிப் சோதனையைச் செய்துவிடுங்கள்.

பேக்கப் எங்கே இருக்கும் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். க்யூபேஸில் ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே பேக் (.bak) என்று முடியும் ஃபைல்கள் இருக்கும். காப்பி எடுத்து, பின்னொட்டை சிபிஆர் (.cpr) என்று மாற்றினால் திறக்கும். ரீப்பரில் ஆர்பிபி-பேக். லைவில் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் பேக்கப் என்ற ஃபோல்டர், தேதியும் நேரமும் பெயரிலேயே இருக்கும். ப்ரோ டூல்ஸில் செஷன் ஃபைல் பேக்கப்ஸ். ஸ்டுடியோ ஒன்னில் ஹிஸ்டரி. எஃப்எல் ஸ்டுடியோவில் ஃபைல் மெனுவிலேயே கடைசி பேக்கப்புக்குத் திரும்பும் கட்டளை உண்டு. லாஜிக்கிலும் ஃபைல் மெனுவில் ரிவர்ட் டு இருக்கிறது. ப்ராஜெக்ட் திறக்கவே இல்லை என்றால் ஃபைண்டரில் அதன் மேல் ரைட் க்ளிக் செய்து பேக்கேஜின் உள்ளடக்கத்தைக் காட்டச் சொல்லி, ஆல்டர்நேட்டிவ்ஸ், 000, ப்ராஜெக்ட் ஃபைல் பேக்கப்ஸ் என்று உள்ளே போகலாம். ட்ராப்பாக்ஸிலோ கூகுள் டிரைவிலோ வைத்திருந்தால் அவற்றின் இணையப் பக்கத்தில் அதே ஃபைலின் முந்தைய வெர்ஷன்களைப் பாருங்கள். இலவசக் கணக்கிலும் 30 நாள் வரை கிடைக்கும்.

பேக்கப்பும் இல்லை, ஃபைலில் பூஜ்யமும் இல்லை, பாதியில் அறுந்து நிற்கிறது என்றால் உங்கள் அதிர்ஷ்டம் எந்த மென்பொருள் என்பதைப் பொறுத்தது.

ரீப்பர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆர்பிபி என்பது வெறும் எழுத்து ஃபைல், நோட்பேட்++ போன்ற எந்த எடிட்டரிலும் திறக்கும். முதல் வரியில் கோண அடைப்புக்குறியோடு ரீப்பர் ப்ராஜெக்ட் என்று தொடங்கி, எந்த வெர்ஷன் என்பதும் இருக்கும். அதன் கீழே ஒவ்வொரு ட்ராக்கும் ஒரு கட்டம். ட்ராக்குக்குள் ஐட்டம், ஐட்டத்துக்குள் சோர்ஸ், அதற்குள் ஃபைல் என்ற வரியில் வேவ் ஃபைலின் பாதை. ஒவ்வொரு கட்டமும் கோண அடைப்புக்குறியில் திறந்து, தனி வரியில் நிற்கும் ஒரு மூடும் அடைப்புக்குறியோடு முடியும். உள்ளே போகப் போக இரண்டு இடைவெளி தள்ளித் தள்ளி எழுதியிருப்பதால் எது எதற்குள் என்பது பார்த்தாலே தெரியும்.

அறுந்த ஆர்பிபியின் கடைசிக்குப் போங்கள். பெரும்பாலும் ஏதாவது ப்ளக்-இன்னின் நீண்ட குழப்பமான எழுத்துக் கோவையின் நடுவில் நின்றிருக்கும். ப்ளக்-இன் தன் அமைப்புகளை அப்படித்தான் எழுத்தாக்கி வைத்துக்கொள்கிறது. அந்த ப்ளக்-இன் கட்டத்தை முழுதாக வெட்டிவிடுங்கள். இப்போது திறந்தபடியே நிற்பவை, அந்த ட்ராக்கின் எஃபெக்ட் வரிசை, ட்ராக், ப்ராஜெக்ட் ஆகிய மூன்றும். எனவே மூன்று மூடும் அடைப்புக்குறிகளை மூன்று வரிகளில் போட்டு, வேறு பெயரில் சேவ் செய்து, ரெக்கவரி மோடில் திறங்கள். அறுந்த இடத்துக்கு முன்னால் இருந்த எல்லா ட்ராக்கும் எடிட், ஃபேட், ஆட்டோமேஷனோடு வந்துவிடும். பின்னால் இருந்தவற்றுக்கு, பழைய ஆர்பிபி-பேக்கிலிருந்து அந்த ட்ராக் கட்டங்களை மட்டும் காப்பி எடுத்து ஒட்டலாம்.

ஸ்டுடியோ ஒன்னின் சாங் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப். காப்பியின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றி 7-ஜிப்பில் திறந்தால் உள்ளே எக்ஸ்எம்எல் ஃபைல்களும் ப்ளக்-இன் ப்ரீசெட்டுகளும் தனித்தனியாக இருக்கும். ஜிப்பின் ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் மற்றவை வெளியே வரும். லைவின் ஏஎல்எஸ், ஜிஜிப்பில் அமுக்கிய எக்ஸ்எம்எல். அதை 7-ஜிப்பில் பிரித்தால், அறுந்த இடம் வரை எழுத்து கிடைக்கும். கையால் மறுபடி கட்டுவது பொறுமைசாலிகளின் வேலை. ஆனால் எந்தெந்த சாம்பிள், எந்த டெம்போ, எந்த ப்ளக்-இன் என்ற பட்டியலாவது தேறும். க்யூபேஸ், ப்ரோ டூல்ஸ், எஃப்எல் மூன்றும் பைனரி, அதாவது மனிதர் படிக்கும் எழுத்தாக இல்லாதவை. அவற்றை எடிட்டரில் திறந்து ரிப்பேர் பார்க்க முயல்வதில் அர்த்தமில்லை.

அறிகுறி: திறக்கிறது, ஆனால் விநோதமாக நடந்துகொள்கிறது

ஒரு ட்ராக்கைத் தொட்டால் விழுகிறது, சேவ் ஆக மறுக்கிறது, அன்டூ வேலை செய்யவில்லை. இப்படிப்பட்ட ப்ராஜெக்ட்டைக் குணப்படுத்தப் பார்க்காதீர்கள், குடிபெயர்த்துவிடுங்கள். புதுசாக ஒரு காலி ப்ராஜெக்ட் திறந்து, ட்ராக்குகளைச் சிறு சிறு கூட்டமாக இழுத்துக்கொள்ள வேண்டும். ப்ரோ டூல்ஸில் இதற்கு இம்போர்ட் செஷன் டேட்டா. க்யூபேஸ் ப்ரோவில் இம்போர்ட் மெனுவில் வேறு ப்ராஜெக்ட்டிலிருந்து ட்ராக் எடுக்கும் வசதி. லைவில் ப்ரௌசரிலேயே பழைய செட்டை விரித்து ஒவ்வொரு ட்ராக்காக இழுத்துப் போடலாம். சாம்பிள் ரேட்டையும் டெம்போவையும் முதலில் பொருத்திவிட்டு இழுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிறகு புதுப் பெயரில் சேவ். எந்தக் கூட்டம் வந்தபோது பழைய நோய் திரும்புகிறதோ, கோளாறு அதில்தான்.

அறிகுறி: "புதிய வெர்ஷனில் உருவானது" என்கிறது

இதில் பழுது எதுவும் இல்லை. லைவ் 12-ல் சேவ் செய்ததை லைவ் 11 திறக்காது. அனுப்பியவரிடம் ஸ்டெம்களும் (ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி ஆடியோவாக எடுத்தது) மிடியும் தனியாகக் கேளுங்கள், அல்லது அப்டேட் செய்யுங்கள்.

அறிகுறி: ஆடாசிட்டி ப்ராஜெக்ட் காலியாகத் திறக்கிறது, அல்லது திறக்கவே இல்லை

2021 மார்ச்சில் வந்த 3.0 வெர்ஷனிலிருந்து ஆடாசிட்டி எல்லாவற்றையும் ஒரே ஏயுபி3 ஃபைலில் வைக்கிறது. அது ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். ஒலியும் அதற்குள்ளேயே இருக்கிறது. மற்ற மென்பொருள்களில் சொன்ன ஆறுதல் இங்கே செல்லாது.

ஃபைல் பக்கத்தில் அதே பெயரில் வால் (-wal) என்று முடியும் இன்னொரு ஃபைல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடைசியாக ரெக்கார்ட் ஆனவை முதலில் அந்த வால் ஃபைலில்தான் எழுதப்படும், பிறகுதான் ஏயுபி3-க்குள் சேரும். ஆடாசிட்டி நடுவில் விழுந்தால் அது அப்படியே நின்றுவிடும். ஏதோ தேவையில்லாத தற்காலிக ஃபைல் என்று நினைத்து அதை அழிப்பவர்களும், ஏயுபி3-ஐ மட்டும் பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களும் நிறைய. இரண்டும் ஒரே ஃபோல்டரில், பெயர் மாறாமல் இருந்தால் அடுத்த முறை திறக்கும்போது தானாகவே சேர்ந்துகொள்ளும்.

அப்படியும் திறக்கவில்லை என்றால், எஸ்க்யூலைட்டின் கமாண்ட் லைன் கருவியில் ரெக்கவர் என்ற கட்டளை உண்டு. கெட்ட டேட்டாபேஸிலிருந்து படிக்க முடிந்த வரிகளையெல்லாம் எடுத்துப் புது டேட்டாபேஸாகக் கட்டித் தரும். அதையும் காப்பியில்தான் ஓட்ட வேண்டும். நடுவில் ஆங்காங்கே மௌனம் விழுந்த ப்ராஜெக்ட் கிடைத்தாலும் அதுவே லாபம்.

அறிகுறி: ப்ராஜெக்ட் சரி, நடுவில் கரண்ட் போன டேக் மட்டும் படிக்கவில்லை

வேவ் ஃபைலின் தொடக்கத்தில் ஒரு சின்னத் தலைப்பு இருக்கிறது. உள்ளே எவ்வளவு ஒலி இருக்கிறது என்ற எண்ணிக்கை அதில்தான். பல மென்பொருள்கள் ஸ்டாப் அழுத்திய பிறகே சரியான எண்ணிக்கையை அங்கே எழுதும். ஸ்டாப் அழுத்தவே இல்லை என்றால் தலைப்பு பூஜ்யம் என்கிறது, ஃபைலோ 300 எம்பி. இதற்கு வைத்தியம் எளிது. ஆடாசிட்டியில் ஃபைல், இம்போர்ட், ரா டேட்டா என்று போய், நீங்கள் ரெக்கார்ட் செய்த அமைப்பையே கொடுங்கள்: உதாரணத்துக்கு 24 பிட் பிசிஎம், லிட்டில் எண்டியன், மோனோ என்றால் 1 சேனல், 48000 ஹெர்ட்ஸ், தொடக்கத்தில் விட வேண்டியது 44 பைட். 24 பிட், 48000, மோனோ என்றால் நொடிக்கு 144000 பைட். ஃபைல் அளவை இதால் வகுத்தால் எத்தனை நொடி கிடைக்கும் என்பது முன்பே தெரிந்துவிடும்.

காதால் பழுதைப் பிடிக்கலாம். வெறும் இரைச்சல் வந்தால் 44-ஐ 45, 46 என்று மாற்றிப் பாருங்கள். 24 பிட்டில் ஒரு எண் மூன்று பைட், ஒரு பைட் நழுவினாலும் இரைச்சல்தான். பாதி வேகத்தில் ஒரு ஸ்தாயி கீழே பாடினால் அது ஸ்டீரியோ, 2 சேனல் கொடுங்கள். வேகம் கொஞ்சம் குறைந்து, ஸ்ருதி ஒன்றரை அரைச்சுரம் போல இறங்கியிருந்தால், 48000-ல் எடுத்ததை 44100 என்று கொடுத்திருக்கிறீர்கள்.

அறிகுறி: காப்பி எடுக்கும்போதே டிரைவ் நின்றுவிடுகிறது

சைக்ளிக் ரிடண்டன்சி என்ற பிழை (டிரைவில் இருப்பதைச் சரியாகப் படிக்க முடியவில்லை என்று பொருள்) வந்தால், அல்லது டிரைவில் கடகட சத்தம் வந்தால், ப்ராஜெக்ட்டை மறந்துவிட்டு டிரைவைக் கவனியுங்கள். பழக்க தோஷத்தில் செக் டிஸ்க் ஓட்டாதீர்கள். அது டிரைவின் அமைப்பை ஒழுங்குபடுத்தும் கருவி, உங்கள் பாட்டைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. உடைந்த துண்டுகளை ஃபவுண்ட் 000 என்ற ஃபோல்டரில் பெயரில்லாமல் போட்டுவிட்டுப் போய்விடும். முதலில் லினக்ஸின் டிடி ரெஸ்க்யூ (ddrescue) போன்ற கருவியால் முழு டிரைவையும் பிம்பமாக இன்னொரு டிரைவுக்கு எடுத்து, மற்றதெல்லாம் அந்தப் பிம்பத்தில். கடகட சத்தம் இருந்தால் அதுகூட வேண்டாம், அணைத்து எடுத்துக்கொண்டு டேட்டா ரெக்கவரி ஆட்களிடம் போங்கள்.

எதுவுமே தேறவில்லை, வேவ் ஃபைல்கள் மட்டும் இருக்கின்றன

பல மென்பொருள்கள் ஒவ்வொரு டேக்கும் டைம்லைனில் எங்கே தொடங்கியது என்பதை வேவ் ஃபைலுக்குள்ளேயே ப்ராட்காஸ்ட் வேவ் குறிப்பாக எழுதிவைக்கின்றன. புது ப்ராஜெக்ட்டை அதே சாம்பிள் ரேட்டில் திறந்து எல்லா ஃபைலையும் கொண்டுவாருங்கள். ப்ரோ டூல்ஸில் ஸ்பாட் மோடில் ஒரிஜினல் டைம் ஸ்டாம்ப். க்யூபேஸில் மூவ் டு ஆரிஜின். ரீப்பரில் சோர்ஸின் விருப்ப இடத்துக்கு ஐட்டத்தை நகர்த்தும் ஆக்‌ஷன். லாஜிக்கில் ரெக்கார்ட் ஆன இடத்துக்கு நகர்த்துவது. டேக்குகள் தத்தம் இடத்தில் போய் உட்காரும். எடிட்டும் மிக்ஸும் போனது போனதுதான், தாளம் தப்பாமல் எல்லாம் வரிசையில் நிற்கும்.

பிறகு ஃபைல்களைத் தேதி நேர வாரியாக அடுக்குங்கள். ஒரே இடத்தில் பல டேக் விழுந்திருந்தால் கடைசியாக எடுத்ததே பெரும்பாலும் ஒப்புக்கொண்ட டேக், அதிலிருந்து தொடங்குங்கள். பாடகருக்கோ தயாரிப்பாளருக்கோ ரஃப் மிக்ஸ் எம்பி3 அனுப்பியிருப்பீர்கள், வாட்ஸ்அப்பில் தேடுங்கள். அதை முதல் ட்ராக்கில் போட்டு டேக்குகளைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் எந்த வரி எந்த டேக்கிலிருந்து வெட்டியது என்பது தெரிந்துவிடும்.